தரை பூசுமுன் படிக்க: பெங்களூரு தமிழ் அமைப்புகளின் கட்டடக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். அல்சூர் முதல் கிருஷ்ணராஜபுரம் வரை, மன்றக் கட்டடம், கல்யாண மண்டபம், படிப்பகம், கோயிலை ஒட்டிய கூடம் என்று ஏதோ ஒன்றைக் கட்டிக்கொண்டோ புதுப்பித்துக்கொண்டோ இருக்கும் எல்லாக் குழுவுக்கும் பொதுவாக இதை எழுதுகிறோம். ஒரு கட்டடத்துக்குள் பார்வையற்றவரும், சக்கர நாற்காலியில் வருபவரும், காது மந்தமானவரும், முட்டி வலிக்காரரும் தடையில்லாமல் நடமாட முடிகிறதா என்று அளந்து சொல்வது எங்கள் தொழில்.

உங்களுக்கு வரும் கொட்டேஷன்களில் ‘ஸ்மார்ட் ஃப்ளோரிங்’ என்ற வரி இப்போது தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. தரைக்குள் சென்சார், தானாக எரியும் விளக்கு, வழி சொல்லும் ஆப், மிதித்தால் மின்சாரம் என எல்லாம் ஒரே பொட்டலமாக வருகிறது. அதில் சில உண்மையிலேயே பயன்படும். சில திறப்பு விழா அன்று போட்டோவுக்கு மட்டும். தரை முதலில் ஒழுங்கான தரையாக இருக்க வேண்டும். அடுத்தபடி காலுக்கும் கோலுக்கும் வழி சொல்ல வேண்டும். மின்னணு அதற்குப் பிறகுதான். இந்த வரிசை தப்பினால் நல்ல சாமானும் வீணாகும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று, ஸ்க்ரீட், அதாவது டைல்ஸுக்கு அடியில் மட்டம் பிடிக்கப் போடும் சிமெண்ட் பூச்சு, போடுமுன்பே இடம் குறிக்க வேண்டிய ஒரு கம்பி. அதைப் பின்னால் சொல்கிறோம்.

இதையெல்லாம் தர்ம காரியமாக நினைக்கிற குழுக்களுக்குச் சட்டத்தையும் நினைவூட்டிவிடுகிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘பொதுக் கட்டடம்’ என்று சொல்லும்போது தனியார் கட்டடமும் அதில் அடக்கம்; பொதுமக்கள் வந்துபோகும் இடமாக இருந்தால் போதும். அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்கு அனுமதியும் தரக் கூடாது, பணி முடிப்புச் சான்றும் தரக் கூடாது என்கிறது 44-ஆம் பிரிவு. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டத்தின்கீழ் வந்த 2017 விதிகளில் அணுகல் தரங்களைச் சொல்லும் 15(1) வெறும் பரிந்துரையாக நிற்பது தாய்ச் சட்டத்துக்கே முரண் என்று தீர்ப்பளித்து, கட்டாய விதிகளை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கெடு வைத்தது. இன்று விட்டுவைத்தால் நாளை உடைத்துப் போட வேண்டிவரும். டைல்ஸை உடைக்கிற கூலி ஒட்டுகிற கூலியைவிட மனதை நோகடிக்கும்.

வெறும் தரையிலிருந்து தொடங்குவோம். நம் ஆட்களுக்குப் பளபளப்பு என்றால் உயிர். ஜிகணிக் கல் கடைகளுக்குப் போய், முகம் தெரிகிற மாதிரி பாலிஷ் போட்ட கருப்புக் கிரானைட்டைப் பார்த்ததும் குழுவில் எல்லாரும் ஒரே குரலில் சம்மதித்துவிடுகிறார்கள். அந்தத் தரையில் ஜன்னல் வெளிச்சம் பட்டால், பார்வை மங்கியவருக்கு எதிரே படி இருப்பது தெரியாது. நினைவு மறதி நோய் உள்ள பெரியவர்களுக்குப் பளபளப்பு தண்ணீராகத் தெரியும். வெளிர் தரை நடுவில் விரித்த கருப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும். வாசலில் வந்து தயங்கி நின்றுவிடுவார்கள். ‘அப்பா ஏன் உள்ளே வர மாட்டேங்கிறார்’ என்று பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள். காரணம் அப்பாவின் பிடிவாதம் இல்லை, மிதியடியின் நிறம்.

கிரானைட்தான் வேண்டும் என்றால், பளபளப்பில்லாமல் லேசாகச் சொரசொரக்கும் லெதர் ஃபினிஷ் கேளுங்கள். டைல்ஸ் என்றால் பெட்டியிலோ கேட்டலாகிலோ ஆர்9, ஆர்10, ஆர்11 என்று வழுக்கல் தரம் போட்டிருக்கும். எண் கூடக்கூடப் பிடிப்பு கூடும். கூடத்துக்கு ஆர்10; வாசல், சாய்தளம், பந்திக் கூடத்தில் கைகழுவும் இடம் இவற்றுக்கு ஆர்11-க்குக் கீழே இறங்காதீர்கள். ஊசல் கருவி வைத்து வழுக்கலை அளப்பவர் கிடைத்தால், நனைந்த தரையில் 36-க்குக் குறையாத எண் வர வேண்டும். பெங்களூரு மழையில் வாசலிலிருந்து நாலைந்து மீட்டர் தூரம் வரை ஈரக்கால் தடம் விழும். அந்தப் பகுதியைத் தனியாகக் கணக்கில் எடுங்கள்.

வாசற்படி ஒரு நுணுக்கமான விஷயம். மஞ்சள் குங்குமம் வைக்க நிலைப்படி வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த மரத்தைத் தரைக்குள் இறக்கிப் பதியுங்கள். மேலே தெரிவது 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, இரண்டு விளிம்பையும் சரித்துச் சீவிவிடுங்கள். தேங்காய் நார் மிதியடிக்கும் இதே மாதிரி தரையில் குழி விட்டு, அதன் மேல்மட்டம் தரையோடு தரையாக இருக்கச் செய்யுங்கள். மேலே சும்மா விரித்த மிதியடியில் வாக்கரின் கால் மாட்டும், சக்கர நாற்காலியின் முன்சக்கரம் திரும்பிக்கொள்ளும்.

இனி புடைப்பு டைல்ஸ். நம்ம மெட்ரோ நிலையங்களில் நீங்கள் தினம் மிதித்துப் போகும் அந்த மஞ்சள் டேக்டைல் டைல்ஸ்தான். ஜப்பானின் செய்இச்சி மியாகே 1965-இல் உருவாக்கி, 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதித்தது. அறுபது ஆண்டாகியும் அதன் மொழியில் இரண்டே எழுத்துதான்: புள்ளி, கோடு. கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோடு என்றால் இதன் வழியே நட. புள்ளி என்றால் நில், கவனி. படியோ, திருப்பமோ, கதவோ இருக்கிறது. இந்த இரண்டைத் தவிர மூன்றாவது பொருள் எதுவும் கிடையாது. டிசைனர் அழகுக்காகச் சுவரோரம் முழுக்கப் புள்ளி டைல்ஸ் ஓட்டினால், அது ஒரு பக்கம் நிறைய ‘நில், நில், நில்’ என்று எழுதி வைத்ததற்குச் சமம்.

அளவுகள் ஐ.எஸ்.ஓ. 23599 தரத்திலும் ஜப்பானின் ஜே.ஐ.எஸ். டி 9251 தரத்திலும் இருக்கின்றன. சுருக்கமாக: டைல்ஸ் 300க்கு 300 மி.மீ.; புடைப்பின் உயரம் 4 முதல் 5 மி.மீ.; கோட்டு டைல்ஸில் 75 மி.மீ.க்கு ஒன்றாக நான்கு கோடு. புள்ளி டைல்ஸில் ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி. கடையில் 3 மி.மீ. புடைப்பு உள்ளது மலிவாகக் கிடைக்கும். ஒரு வருடம் தேய்ந்தால் கோலுக்கு அதில் எதுவும் தட்டுப்படாது. வாங்குமுன் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிடுங்கள்.

டேக்டைல் விற்பவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறோம்: குறைவாகப் போடுங்கள். 1.8 மீட்டர் அகல நடைபாதையில் நடுவே கோடு தேவையே இல்லை. பார்வையற்றவர் சுவரையோ ஸ்கர்ட்டிங்கையோ கோலால் தொட்டபடி போய்விடுவார். நீங்கள் செய்ய வேண்டியது சுவரோரம் பூந்தொட்டி, நாற்காலி அடுக்கு, தண்ணீர் கேன் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான். கோடு வேண்டியது சுவர் கைக்கெட்டாத திறந்த இடத்தில்: வாசல் முற்றம், வரவேற்புக் கூடம், லிஃப்ட் முன்னால் உள்ள வெளி. புடைப்பு எல்லாருக்கும் நல்லதும் இல்லை. சக்கர நாற்காலியில் முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு ஒவ்வொரு கோடும் ஓர் அதிர்வு. நீரிழிவால் பாதம் மரத்தவருக்குப் புள்ளியே தெரியாது, விரல் மட்டும் இடிக்கும். அதனால் கோட்டுப் பாதைக்கு ஒரு பக்கமாவது 900 மி.மீ. புடைப்பில்லாத இடம் விடுங்கள். உள்ளே, வழவழப்பான தரை நடுவே 300 மி.மீ. அகலத்துக்குச் சொரசொரப்பான கல் பட்டை ஓட்டினாலும் கோல் கண்டுபிடிக்கும், சத்தமே மாறும். படிக்கும் திருப்பத்துக்கும் மட்டும் புள்ளியை வைத்துக்கொண்டு, கோட்டுக்குப் பதில் இந்தப் பட்டையைச் சிறிய கட்டடங்களில் நாங்கள் தாராளமாகச் சிபாரிசு செய்கிறோம்.

ஒரு மாதிரிக் கணக்கு. கேட்டிலிருந்து வாசல் 9 மீட்டர், வாசலிலிருந்து வரவேற்பு மேசை 6, அங்கிருந்து லிஃப்ட் 7.5, லிஃப்டிலிருந்து கூடத்தின் கதவு 6. மொத்தம் 28.5 மீட்டர், 0.3-ஆல் வகுத்தால் 95 கோட்டு டைல்ஸ். பாதை திரும்பும் மூன்று இடத்தில் இரண்டுக்கு இரண்டாகப் புள்ளிச் சதுரம், ஆக 12. படி அகலம் 1.8 மீட்டர் என்றால் குறுக்கே 6 டைல்ஸ்; அதை இரண்டு வரிசையாகக் கீழே 12, மேலே 12. ஒரு வரிசை போதாதா என்று கேட்பார்கள். சாதாரணமாக நடப்பவரின் ஒரு காலடித் தூரம் 600 மி.மீ.யைத் தாண்டும், 300 மி.மீ. பட்டையைக் கால் மிதிக்காமலே கடந்துவிடும். இறங்கும் படியில் அது விபத்து. படி விளிம்புக்கும் புள்ளிப் பட்டைக்கும் இடையே 300 மி.மீ. விடுங்கள், நிற்க இடம் வேண்டும். லிஃப்ட் முன் 3, சாய்தளத்தின் இரு முனையிலும் ஐந்தைந்து. புள்ளி மொத்தம் 49. வெட்டு, உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்து, கோடு 105, புள்ளி 54 என்று ஆர்டர் போடலாம். இது போக இருப்பில் வைக்க இரண்டிலும் பத்துப் பத்து தனியாக.

லிஃப்ட் விஷயத்தில் நிறைய இடங்களில் ஒரே பிழை. கோடு கதவின் நடுமத்திக்குப் போகிறது. அங்கே போனவர் திறக்கும் கதவுக்கு நேர் எதிரே நிற்பார், வெளியே வருபவர்கள் அவர்மேல் மோதுவார்கள். கோடு போக வேண்டியது பட்டன் இருக்கும் பக்கத்துக்கு. கரண்ட் போனாலும் தீப்பிடித்தாலும் லிஃப்ட் கிடையாது என்பதால், படிக்கும் அவசர வழிக்கும் ஒரு கிளை கட்டாயம்.

நிறத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆக வேண்டும். ‘மஞ்சள்தானே, போட்டாச்சு’ என்பார்கள். ஐவரி நிற விட்ரிஃபைடு தரையில் மஞ்சள் பட்டை பார்வை மங்கியவர் கண்ணுக்குக் கரைந்துபோகும், ஏனென்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. ஒளி பிரதிபலிப்பு எண்ணில் 30 புள்ளி வித்தியாசமாவது வேண்டும். கருவி தேவையில்லை: இரண்டு டைல்ஸையும் பக்கத்தில் வைத்து, போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுங்கள். பட்டை எது, தரை எது என்று படத்தில் தெரியாவிட்டால் நேரிலும் தெரியாது. தரை ஏற்கெனவே வெளிர் நிறத்தில் முடிவாகிவிட்டது என்றால், மஞ்சளின் இருபுறமும் 100 முதல் 150 மி.மீ.க்குக் கரும்சாம்பல் கரை கட்டுங்கள். வேட்டிக் கரை மாதிரி. பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

மேஸ்திரிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். சுற்றுத் தரை டைல்ஸ் 10 மி.மீ. தடிமன், டேக்டைல் டைல்ஸின் அடிப்பலகை மட்டுமே பெரும்பாலும் 18, 20 மி.மீ. இருக்கும். அந்த இடத்தில் மட்டும் படுகையை வித்தியாச அளவுக்குத் தாழ்த்திப் போட வேண்டும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் முழு டைல்ஸும் தரைக்கு மேலே 10 மி.மீ. எழும்பி நிற்கும், வழிகாட்ட வைத்தது கால் இடறுகிற கல்லாகும். அடிப்பலகை தரையோடு சமம், புடைப்பு மட்டும் வெளியே. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் விளிம்பு ஏற்ற இறக்கம் 2 மி.மீ.க்குள். டைல்ஸ் இடுக்கை அடைக்கும் க்ரவுட்டைப் புடைப்புகளுக்கு நடுவே விட்டுக் காய வைத்தால் பள்ளம் அடைபட்டு உயரம் போய்விடும். ஈரமாக இருக்கும்போதே பிரஷ் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். கோட்டு டைல்ஸைக் குறுக்கே திருப்பி ஒட்டிவிடுவதும் நடக்கிறது. மாலை நேர அவசரத்தில் ஒன்று திரும்பினாலும் பாதை அங்கே அறுந்துவிடும்.

பழைய கட்டடத்தில் தரையை உடைக்க முடியாதென்றால் பாலியூரித்தேன் ஒட்டு டைல்ஸ் இருக்கிறது. மெழுகு, எண்ணெய், பழைய பாலிஷ் எல்லாம் போகத் துடைத்து, முழு முதுகிலும் பசை தடவி, ஒரு நாள் யாரும் மிதிக்காமல் காக்க வேண்டும். நான்கு மூலைக்கு மட்டும் பசை வைத்தால் முதல் பஃபிங் மெஷினே பெயர்த்தெடுக்கும். எவர்சில்வர் புள்ளிகளைத் துளையிட்டுப் பதிப்பது கௌரவமாகத் தெரியும், ஆனால் சாம்பல் கிரானைட்டில் நிறமே தெரியாது, ஈரத்தில் வழுக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வரும் கோயில் வாசலில் மதிய வெயிலில் அவற்றை மிதித்துப் பாருங்கள். விட்ரிஃபைடில் துளை போடும்போது ஹேமர் மோடு போட்டால் விரிசல் விடும். வைரப் பிட், தண்ணீர் விட்டு, மெதுவாக. கழிப்பறைப் பக்கம் துளையே வேண்டாம், கீழே இருக்கும் வாட்டர் புரூஃபிங் ஓட்டையாகிவிடும்.

இப்போதுதான் மின்னணுவுக்கு வருகிறோம். பார்வையற்றவருக்குக் கோடு ‘இப்படிப் போ’ என்று மட்டும் சொல்லும்; எங்கே போகிறது என்று சொல்லாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் டேக், அதாவது தரைக்குள் பதிக்கும் சின்ன அடையாளச் சில்லு. ரேடியோ அலையால் படிக்கும் இந்த வகை ஆர்.எஃப்.ஐ.டி. டேக்குக்கு பேட்டரி கிடையாது, கோலின் நுனியில் உள்ள ரீடர் நெருங்கும்போது அதன் சக்தியிலேயே தன் எண்ணைச் சொல்லும்; அந்த எண்ணுக்குப் பதிவு செய்த செய்தியைப் போன் வாசிக்கும். எந்த அலைவரிசை என்று கொட்டேஷனில் முதலில் பாருங்கள். 865 மெகாஹெர்ட்ஸ் வகை ஈரத்திலும் இரும்புக்கு அருகிலும் தடுமாறும். மாப் போட்ட தரை எப்போதும் ஈரம், ஸ்லாப் முழுக்க இரும்பு. 134.2 கிலோஹெர்ட்ஸ் வகைதான் மாட்டின் அடையாளத்துக்கு வைப்பது, ஈரத்தைப் பொருட்படுத்தாது. ஐரோப்பிய ஆணையத்தின் இஸ்ப்ரா ஆய்வு மையம் பார்வையற்றோர் பாதைக்கு இதே கால்நடை டேக்கைப் பயன்படுத்திப் பார்த்தது. டைல்ஸுக்கு அடியில், ஸ்லாபின் இரும்புக் கம்பியிலிருந்து கூடிய மட்டும் தள்ளி, மேல்பரப்புக்கு நெருக்கமாகப் பதியுங்கள். எட்டும் தூரம் சில சென்டிமீட்டர்தான். போன் படிக்கிற என்.எஃப்.சி. வகையைத் தரையில் வைப்பவர்களும் உண்டு. யார் குனிந்து போனைத் தரையில் தேய்ப்பார்கள்? அதன் இடம் கதவு ஓரம், கைப்பிடி.

இங்கே எல்லாரும் சறுக்குகிற ஒரு இடம் இருக்கிறது. ஒற்றை டேக்குக்கு நீங்கள் எந்தத் திசையிலிருந்து வருகிறீர்கள் என்று தெரியாது. ‘வலப்புறம் லிஃப்ட்’ என்று பதிவு செய்து வைத்தால், உள்ளே போகும்போது சரி. திரும்பி வரும்போது அதே வாக்கியம் சுவரில் முட்டவைக்கும். போனின் திசைகாட்டியை நம்பலாமா என்றால், இரும்பு நிறைந்த கட்டடத்துக்குள் அது ஆடும். தீர்வு எளிது: ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன் 600 மி.மீ. இடைவெளியில் இரண்டு டேக். எது முதலில் படிக்கப்பட்டது என்பதிலிருந்து திசை தெரிந்துவிடும். மாதிரிக் கட்டடத்தில் மூன்று திருப்பம். திருப்பம் ஒவ்வொன்றிலும் பாதைக்கு இரண்டு கை, கைக்கு ஒரு ஜோடி. ஆக 12 டேக். கொட்டேஷனில் ‘3 டேக்’ என்றிருந்தால், எழுதியவர் யோசிக்கவில்லை என்று பொருள்.

சுவரில் ஒட்டி வைக்கும் சின்ன சிக்னல் கருவியான புளூடூத் பீக்கன் இன்னொரு வழி. ரீடர் கோல் தேவையில்லை, கையிலுள்ள போனே போதும். ஆனால் துல்லியம் இரண்டு மூன்று மீட்டர்தான். கல்யாணக் கூட்டத்தில் மனித உடல்களே சிக்னலை உறிஞ்சிவிடும். ‘கூடத்துக்குள் வந்துவிட்டீர்கள்’ என்று சொல்ல உதவும், ‘இதோ கதவு’ என்று சொல்ல உதவாது. அதிலுள்ள காசு வடிவ பேட்டரி சத்தமில்லாமல் தீர்ந்துபோகும். எந்தத் தேதியில் மாற்றினோம் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதிவைக்காத கட்டடத்தில் இரண்டாம் வருடம் பாதி செத்திருக்கும். டோக்கியோ மெட்ரோவில் 2021 முதல் புடைப்பு டைல்ஸ் மேலேயே க்யூஆர் கோடு ஒட்டி, போன் கேமராவால் படித்து வழி சொல்கிறார்கள். செலவு குறைந்த வழி. அந்த க்யூஆர் ஒட்டு தேய்ந்தால் மாற்றி ஒட்டும் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவே.

ஒலிச் செய்தி ஒவ்வொன்றும் ஐந்து விநாடிக்குள் முடியட்டும். ‘எங்கள் மன்றத்துக்கு வருகை தரும் அன்பர்களை வரவேற்கிறோம்’ வேண்டாம். ‘முன்னால் ஆறு மீட்டர், லிஃப்ட்’ போதும். கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கட்டும், ஒன்றன்பின் ஒன்றாக அல்ல. போனில் எந்த மொழி தேர்ந்தெடுத்தாரோ அது மட்டும். மேடைத் தமிழ் வேண்டாம். ‘மின்தூக்கி’ என்று சொன்னால் அந்த நொடியில் பாதிப் பேர் திகைப்பார்கள்.

மறைத்து வைத்திருந்த கம்பிக்கு வருவோம். காது கேட்கும் கருவி அணிந்தவர்களுக்காகத் தரைக்குள் ஓடும் தாமிர வளையம், அதாவது ஹியரிங் லூப். மைக்கிலிருந்து வரும் குரல் காந்தப்புலமாக மாறி, கருவியில் உள்ள டி-காயிலுக்கு நேராகப் போய்விடும். எதிரொலி, மின்விசிறிச் சத்தம், பக்கத்து நாற்காலிப் பேச்சு எதுவும் கலக்காது. பட்டிமன்றத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர் சிரிக்கும்போது சேர்ந்து சிரிக்கும் பெரியவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். ஸ்மார்ட் ஃப்ளோரிங் கொட்டேஷன்களில் இது இருப்பதே இல்லை. டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒழுங்காகச் செய்ய முடியாததும் இதுதான்.

12க்கு 18 மீட்டர் கூடத்தின் சுற்றளவு 60 மீட்டர். 2.5 சதுர மி.மீ. தாமிரக் கம்பி ஒரு சுற்றுக்கு மின்தடை சுமார் 0.44 ஓம். ஆனால் இவ்வளவு அகலமான கூடத்தில் சுற்று வளையம் மட்டும் போட்டால், ஸ்லாபிலுள்ள கம்பிகள் காந்தப்புலத்தைத் தின்றுவிட்டு நடுவே குரல் தேய்ந்துவிடும். மெல்லிய தாமிரப் பட்டையை எட்டு வடிவத்தில் பல வளையமாக ஓட்டும் முறை அதற்காகத்தான். டைல்ஸ் பசைக்குள்ளேயே அடங்கிவிடும். ஐ.ஈ.சி. 60118-4 தரப்படி, பேச்சின் உச்சத்தில் மீட்டருக்கு 400 மில்லி ஆம்பியர் புலம் வர வேண்டும். உட்கார்ந்தவரின் காது உயரத்தில், 1.2 மீட்டரில், கூடத்தின் பத்துப் பன்னிரண்டு இடத்தில் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். லைட் டிம்மர் ஒயரும் மெயின் கேபிளும் வளையத்தோடு ஒட்டி ஓடினால் ‘ம்ம்ம்’ என்று இரையும். டைல்ஸ் ஒட்டுமுன் ஒரு தடவை, ஒட்டியபின் ஒரு தடவை மல்டிமீட்டர் வையுங்கள். கட்டிங் மெஷின் எங்கே கம்பியைக் கீறியது என்று அப்போதே தெரிந்தால் ஒரு டைல்ஸோடு போகும். மேல்தளத்திலும் புலம் கசியும் என்பதால், குழுக் கூட்டம் நடக்கும் அறை நேர் மேலே இருந்தால் இரண்டு அறையிலும் ஒரே சமயம் லூப் போடாதீர்கள்.

அழுத்தம் உணரும் தரை? விழுந்தவரைக் கண்டுபிடித்து ஆளைக் கூப்பிடும் வேலைக்கு நல்லது. முதியோர் தங்கும் அறை, கழிப்பறை போன்ற தனித்து இருக்கும் இடத்துக்கு யோசிக்கலாம். ஐந்நூறு பேர் உட்காரும் கூடத்தில் யார் விழுந்தாலும் ஐம்பது பேர் பார்ப்பார்கள். மிதித்தால் மின்சாரம் தரும் டைல்ஸுக்கு ஒரு மிதிக்குக் கிடைப்பது சில ஜூல். 10 வாட் விளக்கு ஒரு விநாடி எரியவே 10 ஜூல் வேண்டும். அந்தக் காசை லூப்புக்குத் திருப்புங்கள்.

ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லி இரண்டே வரி. ஒன்று, ஒட்டுமுன் உலர்விரிப்பு: ஸ்க்ரீட் மேல் டைல்ஸைச் சும்மா பரப்பி, கோல் வைத்து நடப்பவர் ஒருவர், பார்வை மங்கியவர் ஒருவர், சக்கர நாற்காலிக்காரர் ஒருவர், வாக்கர் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் நடந்து பார்த்துச் சரி என்ற பிறகே பசை. அவர்களுக்கு ஆலோசகர் கட்டணம் கொடுங்கள், பொன்னாடை போதாது. இரண்டு, பில்லில் பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்திவையுங்கள். பெயர்வது, நிறம் போவது, வழுக்குவது எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

பராமரிப்பில் எதிரி ஆசிட். பாத்ரூம் ஆசிட் க்ரவுட்டைத் தின்னும், எவர்சில்வரையும் குழி விழவைக்கும். சாதாரண சோப்புத் தண்ணீரும் கடினமான பிரஷும் போதும். அதைவிடப் பெரிய எதிரி விசேஷ நாள். முகூர்த்தத்தன்று செருப்பு ஸ்டாண்ட், வரவேற்புத் தட்டு மேசை, வாழைமரம், ஐஸ்கிரீம் கவுன்டர் நான்கும் வந்து நிற்பது மிகச் சரியாகக் கோட்டின் மேல்தான், ஏனென்றால் அந்த இடம் காலியாகத் தெரிகிறது. மண்டபத்தை வாடகைக்கு விடும் ரசீதிலேயே ‘மஞ்சள் பாதையின் இருபுறமும் 900 மி.மீ. காலியாக விட வேண்டும்’ என்று ஒரு வரி அச்சடியுங்கள். பந்தல்காரரிடமும் கேட்டரிங்காரரிடமும் வாட்ச்மேன் அதைக் காட்டிப் பேசலாம். இருப்பு டைல்ஸ் இருபதையும் பேட்ச் எண் தெரியும்படி ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டி, சாவி யாரிடம் என்று குழுவின் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

ஸ்க்ரீட் போடும் தேதிக்கு மூன்று வாரம் முன்பு தரை வரைபடத்தை எடுத்து வைத்து, லூப் கம்பி எங்கே ஏறுகிறது, டேக்டைல் படுகை எங்கே தாழ்கிறது என்ற இரண்டை மட்டும் சிவப்பு மையில் குறியுங்கள். மற்ற எல்லாவற்றையும் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கட்டட அணுகல் தணிக்கைப் பணியில் உள்ள தமிழர்கள் சிலர்,
பெங்களூரு